வெறுஞ்சாக்கு

ஆதிரை சாப்பிடாமல் அடம்பிடிக்கத் தொடங்கிய நாற்பத்தோராவது நாள், பிற்பகல் இரண்டே முக்கால் மணிப் படகில் பூச்சாண்டி வந்து இறங்கினான். வடகடலின் ஓரத்தில் இருக்கும் ஸ்கார்வீக் என்ற அந்த ஊரில் அன்றும் வழக்கம்போல் மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது. படகிலிருந்து இறங்கிய பதினோரு பேரில் அவன் கடைசி. தலையோடு போர்த்திய கறுப்புக் கம்பளி, தோளில் ஒரு வெறுஞ்சாக்கு, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, செருப்புகூட இல்லை. துறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஓட்வாரிடம் போய், சாப்பிடாத பிள்ளை இருக்கிற வீடு எது என்று கேட்டான். எந்த மொழியில் கேட்டான் என்று பிற்பாடு பலரும் ஓட்வாரிடம் விசாரித்தார்கள். அதையெல்லாம் தான் கவனிக்கவில்லை என்றும், அக்டோபர் மாதத்தில் ஒரு மனிதன் வெறுங்காலோடு நின்றால் முதலில் கவனிக்க வேண்டியது காலைத்தான் என்றும் அவர் சொன்னார். தன் வண்டியின் பின்பக்கத்திலிருந்து பச்சை ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்து, அவன் மாட்டிக்கொள்ளும்வரை மழையில் நின்று, பிறகு மேட்டுத்தெருவின் மஞ்சள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

கதவைத் திறந்த செண்பகவல்லிக்கு ஆளை உடனே தெரிந்துவிட்டது. நான்கு வயதில் கோவில்பட்டி வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு அப்பால், இருட்டுக்குள், அவளுடைய அம்மா கைகாட்டிய அதே ஆள். தாடி மட்டும் நரைத்திருந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்றாள். வேறு எப்படி அழைப்பது என்று தோன்றவில்லை.

"கூப்ட்டீகளே தாயி."

"கூப்ட்டேன்."

"ஒருக்காவா, ரெண்டுக்காவா? வேளைக்கு ஒருதரம். காது அடைச்சுப்போச்சு." பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும் என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கழற்றிச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்தான்.

கூப்பிட்டது உண்மைதான். ஆகஸ்ட் மாதம், இரண்டரை வயதுப் பிள்ளையோடு அவள் இந்த ஊருக்கு வந்தாள். கணவன் இசக்கிமுத்துவுக்குக் கடலடியில் குழாய் பதிக்கிற கப்பலில் வெல்டிங்கைப் பரிசோதிக்கிற வேலை. மூன்று வாரம் கடலில், ஒரு வாரம் வீட்டில். கோவில்பட்டியில் ஆதிரைக்குச் சோறூட்டுவதென்றால் கிண்ணத்தைக் கையிலும் பிள்ளையை இடுப்பிலும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாள். ஆட்டுக்குட்டியைப் பார்த்து ஒரு வாய், தண்ணீர் லாரியைப் பார்த்து ஒரு வாய், எதிர்மாடியில் காயும் சேலை காற்றில் எழும்பினால் ஒரு வாய், தீப்பெட்டி ஆபீஸ் வேனிலிருந்து இறங்கும் பெண்கள் ஆளுக்கொரு கன்னத்தைக் கிள்ளினால் இரண்டு வாய், இப்படித் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் கிண்ணம் காலியாகிவிடும். ஸ்கார்வீக்கில் முதல் நாள் அதே கிண்ணத்தோடு தெருவில் இறங்கினாள். தெருவில் யாரும் இல்லை. முக்கால் மணி நேரம் நடந்தும் யாரும் வரவில்லை. தபால் பெட்டியின் மேல் ஒரு கடற்பறவை உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டி ஊட்டிய ஒரே வாயையும், பறவை பறந்துபோனதும் ஆதிரை துப்பிவிட்டாள்.

செப்டம்பரில் பிள்ளையைக் காப்பகத்தில் சேர்த்தார்கள். அங்கே யாரும் யாருக்கும் ஊட்டுவதில்லை. பிள்ளைகள் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தங்கள் டப்பாவைத் தாங்களே திறந்து, ரொட்டித் துண்டைத் தங்கள் கையால் தின்ன வேண்டும். தின்றால் தின்னலாம், இல்லையென்றால் மூடிவிடலாம். ஆதிரை மூடிவிட்டாள். சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் பழுப்பு ரொட்டியும் அதன்மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியும் அப்படியே இருக்கும், ஓரத்தில் மட்டும் எலி கடித்ததுபோல் ஒரு சிறு பல்தடம். வீட்டிலும் ரசஞ்சோற்றுக்கு வாயைத் திறப்பதில்லை. பால் குடிப்பாள். வாழைப்பழத்தை இரண்டு கடி கடித்துவிட்டு மேஜையில் தேய்ப்பாள்.

அங்கே மதியத்தில் பிள்ளைகளை உறங்கவைப்பது வெளியில். முதல் நாள் கொஞ்சம் முன்னதாகவே பிள்ளையை அழைக்கப் போன செண்பகவல்லி, காப்பகத்தின் கூரைச்சரிவுக்குக் கீழே எட்டுத் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்பதையும், எட்டிலும் பிள்ளைகள் குளிர்காற்றில் மூக்குச் சிவக்க உறங்குவதையும், மூன்றாவது வண்டியில் தன் பிள்ளை கிடப்பதையும் பார்த்து, பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். காப்பகத்தை நடத்தும் குன்வோர் என்ற பெண்மணி நிதானமாக வந்து அவள் கையைப் பிடித்தாள். வண்டிக்குள் தொங்கும் தெர்மாமீட்டரைக் காட்டினாள். உள்ளே மூன்று அடுக்குக் கம்பளி இருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். சுவரில் ஒட்டியிருந்த தாளில், யார் எத்தனை மணிக்கு உறங்கினார்கள், எத்தனை மணிக்கு விழித்தார்கள் என்று எழுதியிருந்ததைக் காட்டினாள்.

"எடுக்கட்டுமா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"உறங்குகிறவரை இங்கே யாரும் எழுப்புவதில்லை" என்றாள் குன்வோர். "காத்திருக்கலாம்."

மழைக்கோட்டோடு ஒரு மணி நேரம் வண்டிகளுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியாக உறக்கம் பிடிக்கவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் குழந்தைநல நிலையத்தில் ஆதிரையை எடை பார்த்த நர்ஸ், கணினியில் ஒரு கோட்டைக் காட்டினாள். மேலே ஏறிப் போக வேண்டிய கோடு தரையோடு படுத்திருந்தது. இரண்டு நாளில் கடிதம் வந்தது: நவம்பர் இருபதாம் தேதி, மதியம் ஒரு மணி, பிள்ளையைப் பற்றிப் பேச வர வேண்டும், மூன்று பேர் உடன் இருப்பார்கள். அந்த நாட்டில் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸப் குழுவில் அவள் இதைப் பற்றி ஒரு வரி கேட்டாள். பதிலுக்குப் பதினான்கு குரல்செய்திகள் வந்தன. எல்லாமே யாரோ யாருக்கோ சொன்னவை. அரசாங்கத்து ஆட்கள் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்பதில் மட்டும் பதினான்கும் ஒன்றுபோல் இருந்தன. கப்பலிலிருந்து பேசிய இசக்கிமுத்து, "அதெல்லாம் சும்மா புரளி, ஆனா எதுக்கும் கொஞ்சம் சாப்பிட வச்சிரு" என்றான்.

அன்று இரவுச் சோற்றுக்கு அவள் பூச்சாண்டியைக் கூப்பிட்டாள். பிள்ளையின் பெயரைச் சொல்லி அப்படிக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் பொதுவாகச் சொன்னாள். சமையலறை ஜன்னலைத் திறந்து, மழையைப் பார்த்து, "ஏ பூச்சாண்டி, ஓடியா, இந்த வீட்ல சாப்பிடாம இருக்கிறவங்கள சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போ." காலையில் ஒன்று, சாயங்காலம் வந்ததும் ஒன்று, இரவுச் சோற்றுக்கு ஒன்று. பதினெட்டு நாள்.

"இப்பல்லாம் நம்மூர்ல ஒரு பய கூப்பிடுறதில்ல தாயி" என்றான் பூச்சாண்டி, டீயை ஊதிக்கொண்டு. "போனக் கையில குடுத்துடுறாக. பிள்ளை அதப் பாத்துக்கிட்டே வாயத் தொறக்குது. எனக்கு எட்டு வருசமா வேலையில்ல. நீங்க கூப்ட்டதும் ஏதோ பிரமைன்னு நெனச்சேன். விடாமக் கூப்ட்டீக. சரி, போவோம்னு கெளம்பிட்டேன்."

சோபாவுக்குப் பின்னாலிருந்து ஆதிரை வந்தாள். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"சாக்குல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஏன்?"

அவன் செண்பகவல்லியைப் பார்த்தான். "பயப்படலயே" என்றான் தாழ்ந்த குரலில்.

"இங்க யாருக்கும் எதுக்கும் பயமில்ல அண்ணாச்சி. எனக்கு மட்டுந்தான்."

"பயந்தாத்தான் அழும். அழறதுக்கு வாயத் தொறக்கும். தொறந்த வாயில நீங்க உருண்டையத் தள்ளிரணும். அம்புட்டுத்தான் நம்ம தொழிலு." டம்ளரைக் கீழே வைத்தான். "சாப்ட்டுட்டா நான் வெறுஞ்சாக்கோட திரும்பிருவேன். சாப்பிடலன்னா ஆளை எடுத்துட்டுத்தான் போகணும். கூப்ட்ட கூப்பாடு அப்படி. இன்னைய வரைக்கும் எடுத்ததில்ல."

"எம்புட்டு நாள் பொறுப்பீக?"

"உங்களுக்கு எதுவரைக்கும் தவணை?"

அவள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த கடிதத்தைக் காட்டினாள்.

"அப்ப நானும் அன்னிக்கே பாத்துக்கிடுறேன்" என்றான் பூச்சாண்டி.

ஊர் அவனை எடுத்துக்கொண்டது. நகராட்சி அலுவலகத்துப் பெண் அவனுக்கு ஓர் எண் கொடுப்பதற்காகப் பிறந்த தேதி கேட்டாள். முதன்முதலில் ஒரு பிள்ளை இருட்டைப் பார்த்து அழுத நாள் என்று அவன் சொன்னதைச் செண்பகவல்லி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் போடுவதுபோல் ஜனவரி ஒன்று என்று போட்டாள். பழைய துணி தரும் கடையில் கம்பளி உள்ளாடைகள் இரண்டு கொடுத்தார்கள். செவ்வாயும் வியாழனும் நூலகத்தில் நடக்கும் மொழிவகுப்பில் அவனைச் சேர்த்தார்கள். செண்பகவல்லியும் அங்கேதான் படித்தாள், இருவரும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சொந்த நாட்டில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஆசிரியை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது, அவன் எழுந்து நின்று, உள்ளதைச் சொன்னான். ஆசிரியை தலையை ஆட்டிக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினாள்: சிறு குழந்தைகளோடு பணியாற்றிய நீண்ட அனுபவம்.

"நீங்க என்ன வேல பாத்தீக?" என்று அவன் செண்பகவல்லியிடம் கேட்டான்.

"கூட்டுறவு பேங்க்ல இருந்தேன். லோன் செக்சன்."

"அங்கயும் பயமுறுத்துற வேலதானா?"

அந்த ஊருக்கு வந்தபின் முதல் தடவையாக அவள் சிரித்தாள். ஆசிரியை சந்தோஷப்பட்டு, என்ன சொன்னீர்கள், எங்கள் மொழியில் சொல்லுங்கள் என்றாள். இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை ஊரார் எல்லோரும் தத்தம் வாரியலோடு வெளியே வந்து பொதுவிடங்களில் உதிர்ந்துகிடக்கும் இலைகளைக் கூட்டினார்கள். அது அவ்வூர் வழக்கம். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, வராதவர்களை ஒன்றும் சொல்வதுமில்லை, ஆனால் வராதவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பூச்சாண்டி காப்பகத்து முற்றத்தை ஒற்றை ஆளாகக் கூட்டி, இலைகளைத் தன் சாக்கில் அள்ளினான். சாக்கு நிறைந்து நின்றதைப் பார்த்ததும் செண்பகவல்லிக்கு ஓர் ஆசை வந்தது.

"சாக்குதான் ரொம்பிருச்சே அண்ணாச்சி. இப்படியே போயிரலாம்ல?"

"எலை கணக்குல வராது தாயி" என்றான் அவன். அவன் முகத்திலும் அதே ஆசை ஒரு கணம் இருந்துவிட்டுப் போனது.

ஓட்வார் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகளைப் பிடித்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

"ஒன்றுகூட இல்லை" என்றான் பூச்சாண்டி. அதற்குள் அந்த அளவு அவனுக்குப் பேச வந்திருந்தது.

"அப்படியானால் நீயும் என் மைத்துனனும் ஒன்று. முப்பது வருடமாக மீன்பிடிப் படகு வைத்திருக்கிறான்."

இலை கூட்டி முடித்தபோது, காப்பகத்துப் பிள்ளைகள் சாக்குக்குள் ஏறி விளையாடத் தொடங்கியிருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து அவன் காப்பகத்திலேயே இருந்தான். யாரும் வேலைக்கு எடுக்கவில்லை, யாரும் போகவும் சொல்லவில்லை. குன்வோர் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். "நம்மோடு இப்போது பூச்சாண்டி இருக்கிறார். இவர் பிள்ளைகளைப் பிடித்துச் செல்பவர். உள்ளே வரச் சம்மதமா என்று கேட்காமல் யாரையும் சாக்கில் ஏற்றுவதில்லை என்று அவரோடு பேசி முடிவுசெய்திருக்கிறோம். ஒரு நேரத்தில் இருவருக்கு மேல் இடமில்லை. சாக்கு ஈரமாக இருக்க வாய்ப்புள்ளதால் மாற்றுக் காலுறை ஒன்று கூடுதலாக அனுப்பவும்." யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஒரு தகப்பன் மட்டும் காலுறை கம்பளியாக இருக்க வேண்டுமா என்று கேட்டு எழுதினான்.

செண்பகவல்லியைத் தனியே அழைத்து, குன்வோர் வேறொன்றும் சொன்னாள். "பயமுறுத்திச் சாப்பிடவைப்பது நல்லதல்ல என்று நினைக்கிறோம். ஆனால் அவரை எங்களுக்குப் பிடித்திருக்கிறது." செண்பகவல்லி சரி சரி என்று தலையாட்டினாள். இந்த ஊரில் அவளுக்கு வசப்பட்டிருந்த ஒரே பதில் அதுதான். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், குன்வோர் சொன்ன முதல் வாக்கியம் எந்தக் கோப்பில் எழுதப்படும் என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

இசக்கிமுத்து தன் ஒரு வார விடுப்பில் வந்தபோது சோபாவில் பூச்சாண்டி உட்கார்ந்திருந்தான். ஆறடி ஆள், நடுக்கடலில் கயிற்றில் தொங்கி வெல்டிங் பார்க்கிறவன், வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு, "நல்லாருக்கீகளா அண்ணாச்சி" என்று தரையைப் பார்த்துக் கேட்டான். அந்த ஒரு வாரமும் அவன் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சியதில்லை. கறிவேப்பிலையைக்கூட மென்று விழுங்கினான்.

"நீ எதுக்குப்பா பயப்படுற?" என்றான் பூச்சாண்டி.

"பயமெல்லாம் இல்ல அண்ணாச்சி. பசி."

அப்பா ஊட்டியும் ஆதிரை சாப்பிடவில்லை. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். கப்பலுக்குத் திரும்பும் அன்று இசக்கிமுத்து செருப்பு அலமாரி முன்னால் நின்று, "இருபதாம் தேதி நான் இல்லாமப் போறேன் பாரு" என்றான். அதை எத்தனையோ விதமாகச் சொல்ல முயன்று கடைசியில் இப்படிச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் சரி என்று தலையாட்டினாள்.

பிறகு நாள்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. ஒன்பது மணிக்கு விடிந்தது, நான்கு மணிக்கு முன்பே இருட்டியது. காலையில் உள்ளே ஒரு கம்பளி, அதன்மேல் ஒரு கம்பளி, அதன்மேல் ரப்பர் மழையுடை என்று பிள்ளைக்கு மாட்டி முடிக்கும்போது, அது மூத்திரம் வருகிறது என்று சொல்லும். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மறுபடி மாட்ட வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு வகுப்பு, வகுப்பிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு, சோறு, பருப்பு, தோசை, நூடுல்ஸ், எதைத் தின்னும் என்று தெரியாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம். சாயங்காலம் ஈர உடைகளை உலர்த்திவிட்டு, டப்பாவைத் திறந்து, கழுவும் தொட்டியின் முன்னால் நின்றபடி, பல்தடம் பதிந்த ரொட்டியை அவள் விழுங்குவாள். பாதி நாள் அதுவும் இறங்காது, குப்பையில் போடுவாள். பூச்சாண்டி மேஜையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பான். முதலில் அவன் பார்வை பிள்ளையின் தட்டில் இருந்தது. நவம்பர் பிறந்தபின் தொட்டியின் பக்கம் திரும்பியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

இருபதாம் தேதி காலையில் பனியும் மழையும் கலந்து பெய்தது. குழந்தைநல நிலையமும் காப்பகமும் ஒரே முற்றத்தின் இரு பக்கங்கள். பதினொரு மணிக்கே செண்பகவல்லி அங்கே போய்விட்டாள். கையில் கிண்ணம், கிண்ணத்தில் நெய் விட்டுப் பிசைந்த பருப்புச்சோறு. கூரைக்குக் கீழே நீள மேஜையில் பிள்ளைகள் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஆதிரை திறந்த டப்பாவின் முன்னால் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு உருண்டையை நீட்டினாள். ஆதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொரு பக்கமிருந்து நீட்டினாள். அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டாள். செண்பகவல்லி உருண்டையைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு, மூடியை மூடினாள்.

முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பூச்சாண்டி வாரியலைச் சுவரில் சாத்தினான்.

"மணி என்ன தாயி?"

"பதினொண்ணேகால்."

"ஒரு மணிக்குத்தான நம்ம ரெண்டு பேருக்கும் தவணை?"

சாக்கை உதறினான். மிச்சமிருந்த இரண்டு இலைகள் விழுந்தன. சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்தான்.

அவள் எழுந்து மேஜைக்கும் அவனுக்கும் நடுவே நின்றாள். "அண்ணாச்சி, வேண்டாம். ஒங்களுக்கு ஒரு மாசமா டீ போட்டுக் குடுத்தேன். ஒங்க கம்பளியத் தொவச்சுக் குடுத்தேன். பிள்ளையத் தொட்டீகன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"பிள்ளையவா கூப்ட்டீக?"

"என்ன?"

"என்ன சொல்லிக் கூப்ட்டீகன்னு நெனச்சுப் பாருங்க. பேரு சொன்னீகளா? இந்த வீட்ல சாப்பிடாம இருக்கிறவங்கள-ன்னீக. நானும் வந்த நாள்லருந்து யாரு அதுன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன். பிள்ள பால் குடிக்கி. பழத்தக் கடிக்கி. ஏதோ கொறிக்கி. நீங்க உக்காந்து ஒருவேள சாப்ட்டு நான் பாக்கல தாயி. நின்னுகிட்டு எச்சில முழுங்குறீக. கடைசியா எப்ப தூங்குனீக?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

"அப்ப நான் எடுக்க வேண்டியது உங்களத்தான்" என்றான் பூச்சாண்டி.

சொல்லிவிட்டு, அந்த ஊருக்கு வந்தபின் ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தான். கம்பளியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி விரித்தான். கண்கள் வட்டமாகப் பெருத்தன, நாக்கு வெளியே வந்தது, வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அவன் கோவில்பட்டி வீட்டு ஜன்னல் உயரத்துக்கு வளர்ந்து, அதையும் தாண்டி, காப்பகத்தின் கூரையைத் தொட்டான். மேஜையில் இருந்த பிள்ளைகள் தின்பதை நிறுத்திவிட்டு ஆர்வத்தோடு பார்த்தார்கள். ஒருவன் கைதட்டினான். செண்பகவல்லி பின்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தொரு வயதில், மழைக்கோட்டோடு, ஒரு அந்நிய ஊரின் பெஞ்சில், நான்கு வயதில் பயந்த அதே பயத்தை அவள் முழுதாகப் பயந்தாள். அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது, யாருமில்லாத தெரு, படுத்துக்கிடந்த கோடு, பதினான்கு குரல்கள், மூன்று பேர். விமான நிலையத்தில்கூட அழாதவள், அழுவதற்கு வாயைத் திறந்தாள்.

திறந்த வாயில் ஒரு ரொட்டித் துண்டு நுழைந்தது.

பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள் ஆதிரை. "முழுங்கு" என்றாள். செண்பகவல்லி எந்தக் குரலில் சொல்வாளோ அதே குரல். "முழுங்கு, முழுங்கு, ஆ, இன்னொண்ணு."

அழுதுகொண்டே மென்றாள். பாலாடைக்கட்டி இனித்தது. இத்தனை நாள் தின்றும் அது இனிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த துண்டு பெரிதாக இருக்க, ஆதிரை அதைத் தன் பல்லால் கடித்துச் சிறிதாக்கினாள். கடித்ததில் பாதி அவள் வாயிலேயே தங்கியது. கூரையைத் தொட்டு நிற்கும் பூச்சாண்டியையும் அழுகிற அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தபடி, தான் மெல்வது தெரியாமல் மென்று விழுங்கினாள். அம்மாவுக்கு ஒன்று கடித்தாள், தனக்கு ஒன்று தங்கியது. அம்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. டப்பா காலியானது. மற்றப் பிள்ளைகளும் தங்கள் டப்பாக்களோடு நெருங்கிவந்து வரிசையில் நின்றார்கள். வெள்ளரிக்காய் கொடுத்தார்கள், அவித்த முட்டை கொடுத்தார்கள், ஈரல் தடவிய ரொட்டி கொடுத்தார்கள். செண்பகவல்லி ஏழு டப்பாக்களிலிருந்து தின்றாள். கிண்ணத்திலிருந்த பருப்புச்சோற்றைக் கைதட்டிய பையன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, முழுவதையும் தின்றான்.

பூச்சாண்டி கம்பளியை இறக்கினான். பழைய உயரத்துக்கு வந்திருந்தான். மூச்சு வாங்கியது.

"சாப்ட்டாச்சு" என்றான். "இனி எடுக்க வேண்டியதில்ல. வெறுஞ்சாக்கோட நான் திரும்பிரலாம். மூன்றரைக்குப் படகு."

அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சாக்கைப் பார்த்தாள். அதன் வாய் இன்னும் விரிந்தே இருந்தது. உள்ளே இருட்டாக, உலர்ந்து, ஒரு ஆள் அளவுக்கு இருந்தது.

"உள்ள குளிருமா அண்ணாச்சி?"

"கம்பளிய விரிச்சுத் தாரேன்."

குன்வோர் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அருகே வந்து, எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதுபோலவே, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டாள்.

சம்மதம் என்றாள் செண்பகவல்லி. வழக்கமாகத் தலையை மட்டும் ஆட்டுகிறவள், அந்தச் சொல்லை வாய்விட்டு, அவர்கள் மொழியில் சொன்னாள்.

பூட்ஸைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்துவிட்டு சாக்குக்குள் இறங்கினாள். பூச்சாண்டி அதைத் தூக்கி, உறங்கும் பிள்ளைகளின் தள்ளுவண்டிகள் நிற்கும் வரிசையில் எட்டாவதற்குப் பக்கத்தில் வைத்தான். குன்வோர் சாக்கின் விளிம்பில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டாள். சுவரில் ஒட்டிய தாளில் எட்டுப் பெயர்களுக்குக் கீழே ஒன்பதாவதாக அவள் பெயரை எழுதி, நேரம் பதினொன்று ஐம்பது என்று குறித்தாள்.

ஒரு மணிக்கு மூன்று பேர் காகிதங்களோடு நிலையத்தின் பக்கமிருந்து வந்தார்கள். நர்ஸ் ஒருத்தி, மருத்துவர் ஒருவர், பெரிய துணிப்பை வைத்திருந்த உயரமான பெண் ஒருத்தி. அம்மா எங்கே என்று கேட்டார்கள். குன்வோர் சாக்கைக் காட்டினாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். கம்பளியின் விளிம்புக்கு மேலே மூக்கு மட்டும் தெரிந்தது, சிவந்திருந்தது. எழுப்பலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தள்ளுவண்டிகளுக்கு நடுவே நின்றபடியே, கிசுகிசுத்த குரலில், கூட்டம் நடந்தது. முன்னதாகவே விழித்துவிட்ட ஆதிரையை நிறுத்தி எடை பார்த்தார்கள். கோடு கொஞ்சமும் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அவள் இன்று ரொட்டி தின்றதைக் குன்வோர் சொன்னாள். உயரமான பெண், வாரம் இரண்டு மதியங்கள் தான் அந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியும் என்றும், அதைக் கேட்கத்தான் வந்ததாகவும், தாய்க்கு விருப்பமா என்று தெரிய வேண்டும் என்றும் சொன்னாள். அப்போது ஒரு வண்டியில் யாரோ புரண்டார்கள். நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நர்ஸ் கோப்பில் எழுதினாள்: தாய் உறங்கிக்கொண்டிருந்தார். அவர் விழித்த பிறகு பேசலாம்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக விழித்தார்கள். எட்டு வண்டிகளும் உள்ளே போயின. மூன்று மணிக்கு வெளிச்சம் நீலமாகியது, தகப்பன்களும் தாய்களும் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது ஒரு தாய் தன் கழுத்துத் துணியை அவிழ்த்துச் சாக்கின் வாயைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனாள். மூன்றரை மணிப் படகு சங்கு ஊதியது. பூச்சாண்டி நிமிர்ந்து துறையின் பக்கம் பார்த்தான். சாக்கைப் பார்த்தான். பிறகு குனிந்து அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, செண்பகவல்லியின் பூட்ஸை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மேட்டுத்தெருவில் ஏறினான். அவன் கம்பளியின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஆதிரை கூடவே நடந்தாள்.

தூக்கிய அசைவில் செண்பகவல்லிக்கு விழிப்பு வந்தது. எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. வீட்டுக்கா துறைக்கா என்று சாக்குக்குள்ளிருந்து சொல்ல முடியாது. கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்கவில்லை. வெளியே பேச்சு கேட்டது.

"அம்மா கனமா இருக்காளா?"

"கனமாத்தான் இருக்கா."

"ஏன்?"

"சாப்ட்ருக்கால்ல."

சற்றுத் தூரம் போனதும் சாக்கு தரைப்பக்கம் தாழ்ந்தது. கட்டியிருந்த துணியின் இடுக்கு வழியாக ஒரு சின்னக் கை உள்ளே வந்தது. விரல்களுக்கு நடுவே, கடித்துச் சிறிதாக்கிய ரொட்டி ஓரம் ஒன்று, ஈரமாக.

"ஆ காட்டு" என்றது வெளியிலிருந்து. "பூச்சாண்டி வந்துருவான்."

அவள் வாயைத் திறந்தாள்.